வளைக்குள்ளும் ஓர் உயிர்



தரங்கம்பாடியில், 1620-இல் டேனியர் கட்டிய கோட்டைக்கு எதிரே கடற்கரை மணலில் நண்டு வளைகள் நிறைய உண்டு. அஸருக்குப் பின் பிள்ளைகள் அவற்றில் குச்சி விடுவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள். 'சின்ன வளைதானே' என்று நாமும் பேசாமல் இருந்து விடுகிறோம். மணலில் வளை தோண்டி வாழும் வேறொரு சிறு படைப்பைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம்.

நம் வயல்களின் ஈர மண்ணைக் குடையும் பிள்ளைப்பூச்சியை அறிவோம். மண்வெட்டி போன்ற முன்னங்கால்களை அல்லாஹ் அதற்கு அளித்துள்ளான். அதற்கு உறவான சுவர்க்கோழி வகையொன்று வடஇந்திய ஆற்றங்கரை மணலில் வாழ்கிறது. அதன் இனத்தவை சிந்துப் பாலை மணலிலும், ஆப்பிரிக்காவில் நமீபியாவின் மணல்மேடுகளிலும் உள்ளன. கால் வைத்தால் சரியும் மணலல்லவா? அதன் பாதங்களின் இரு பக்கமும் இலைபோல் அகன்ற தட்டைகள் இருக்கின்றன. பாதம் புதையாமல் அவை தாங்குகின்றன. பகலில் மேல்மணல் கொதிக்கும். ஆழத்தில் குளிர்ச்சி இருக்கும். ஆகவே பகலெல்லாம் வளையில் ஒதுங்கி, இரவில் வெளிவந்து பிற பூச்சிகளை வேட்டையாடித் தன் ரிஸ்கைத் தேடிக் கொள்கிறது.

இந்திய வகையின் இறக்கை நுனி கடிகாரச் சுருள்போல் சுருண்டிருக்கும். இதை வர்ணித்த ட்ரூரி என்ற ஆங்கிலேயர், 'விகார உருவம்' என்று பொருள்படப் பெயர் வைத்தார். மனிதன் கண்ணுக்கு விகாரம்! ஆனால் அந்த அகன்ற பாதமின்றி அது மணலில் பிழைப்பது அரிது. படைத்தவனின் குத்ரத்தில் வீண் ஏது?

வளைகளில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு ஸர்ஜிஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. அவை ஜின்களின் வசிப்பிடம் என்று கதாதா (ரஹ்) விளக்கம் தந்தார்கள். உள்ளிருக்கும் பிராணி நம்மைத் தீண்டலாம், நம்மால் அதற்கும் தொல்லை நேரலாம் என்றும் உலமாக்கள் காரணம் கூறுவர். எறும்பொன்று கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் இருக்கிறது. எறும்புக் கூட்டமும் அவனைத் தஸ்பீஹ் செய்யும் கூட்டமல்லவா!

எனவே, வெளியில் ஒதுங்கும்போது வளையில்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். வளையைக் கண்டதும் மண்ணெண்ணெயோ கொதிநீரோ ஊற்றாதீர்கள். பாம்பு, தேள் போன்றவற்றால் தீங்கு வருமானால் அவற்றைக் கொல்ல ஷரீஅத்தில் அனுமதி உண்டு. தீங்கற்ற உயிரை விளையாட்டுக்காக வதைக்க அனுமதியில்லை. இதைப் பிள்ளைகளுக்குத் தாய்மார்களே முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நம் கையாலும் காலாலும் எந்த உயிருக்கும் அநியாயம் நேராமல் வாழ அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.