நிலப் படத்தில் இல்லாத மதிப்பு





அரசு நிலப் படத்தை எடுத்துப் பாருங்கள். சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், நன்செய், புன்செய், புறம்போக்கு என்று வகை இருக்கும். அந்த நிலம் யாருக்கு எதனால் வேண்டியது என்பது மட்டும் இருக்காது. அந்தக் கணக்கில் முத்திரிக்கிணறும் ஒரு கிணறுதான், மருந்துவாழ்மலையும் ஒரு மலைதான்.

நமக்கு அப்படியா? கிணற்றிலும் குளத்திலும் சாதி பார்த்து மக்களை விலக்கிய திருவிதாங்கூர் காலத்தில், எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளிக்க அய்யா வழிசெய்த கிணறு அது. இன்றும் அங்கே பதமிட்டுத்தான் சாமித்தோப்புப் பதிக்குப் போகிறோம். எட்டாம் திருநாளில் அய்யா குதிரை வாகனத்தில் கலிவேட்டையாட எழுந்தருள்வதும் அங்கேதான்.

பதியிருக்கும் மண்ணும் அப்படியே. அன்று அது பூவண்டன்தோப்பு. அந்த மண்ணில்தான் அய்யா ஆறு ஆண்டு தவமிருந்தார். முதல் இரண்டு ஆண்டு குழிக்குள்ளே இருந்தார். கொல்லம் 1008 மாசி 20-ல், அதாவது 1833-ல், அவதாரம் நடந்தது செந்தூர்க் கடலில். பிந்திய இரண்டு விஞ்சைகளும் முட்டப்பதிக் கடலில்.

அய்யா நமக்குச் சிலை தரவில்லை. பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. நோய்க்கு மண்ணும் தண்ணீரும் தந்தார். ஆகவே கடலும் கிணறும் மண்ணும் நம் வழிபாட்டுக்கு வெளியே கிடக்கும் பொருள்கள் அல்ல.

இப்போது பல நாடுகளில் ஒரு வேலை நடக்கிறது. ஊராரிடம் அவர்கள் வட்டாரத்தின் படத்தைக் கொடுத்து, அழகு, பிழைப்பு, மருந்து, முன்னோர் நினைவு, தெய்வம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், எந்த இடம் யாருக்கு எதற்காக வேண்டியது என்பது தெரிந்துவிடும். சாலைக்கோ குவாரிக்கோ இடம் பார்க்கும் முன்னால் அதைக் காட்டிப் பேசலாம்.

மருந்துவாழ்மலைக்கு அப்படிப் புள்ளி வைத்தால் எத்தனை நிறம் வரும்! அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு என்பார் ஒருவர். மூலிகை பறிக்கும் வைத்தியருக்கு அது மருந்துப்பெட்டி. நாராயண குருவை வணங்குபவர்களுக்கு அவர் தவமிருந்த குகை. ஆடு மேய்ப்பவருக்கு மேய்ச்சல். முட்டப்பதிக் கடல் நமக்கு விஞ்சை பெற்ற இடம். மீன்பிடிப்பவருக்கு அன்றாடச் சோறு. ஒருவர் புள்ளியை அழித்துவிட்டு இன்னொருவர் வைக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் பல நிறம் சேரும்போது அந்த இடத்துக்குக் காவல் கூடுகிறது.

நம் மாவட்டத்தில் குளங்கள் தூர்ந்து வீட்டுமனை ஆகின்றன. மலைகள் கல்லாக லாரியில் போகின்றன. பனங்காடுகள் குறைந்துவிட்டன. காகிதத்தில் புள்ளி வைத்தால் இதெல்லாம் நின்றுவிடுமா என்று கேட்கலாம். புள்ளி மட்டும் நிறுத்தாது. ஆனால் யாருக்கும் வேண்டாத இடம் என்று எழுதப்பட்ட நிலம்தான் முதலில் போகிறது. அது யாருக்கு வேண்டும் என்று சொல்ல நம் கையில் ஒன்றும் இல்லையென்றால், கேட்க வருபவரிடம் என்ன சொல்லுவோம்?

ஆகவே ஒவ்வொரு நிழல்தாங்கலிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்படிப்பு முடிந்து, ஒரு பெரிய தாளை விரியுங்கள். ஊரை வரையுங்கள். குளம், ஓடை, பாறை, ஆலமரம், பழைய கிணறு, கடற்கரைக்குப் போகும் பாதை எல்லாம் வரட்டும். பிறகு பேனாவை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் நம் தர்மம் இருக்கிறது. நிலமும் பேச்சும் உள்ளவரிடம் முதலில் கொடுத்தால் அவர் புள்ளிகள்தான் படத்தை நிறைக்கும். பனையேறிய தாத்தா, தண்ணீர் சுமந்த பாட்டி, கூலிக்குப் போகும் அக்கா, வேறு சமயத்து அண்டை வீட்டார், இவர்களிடம் முதலில் கொடுங்கள். தாழ்ந்தவர் நிமிரத்தானே அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார்? அவர்கள் சொல்லும் காரணத்தையும் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் எழுதட்டும், எழுதுகிற கை மறக்காது.

அந்தத் தாளை நிழல்தாங்கல் சுவரில் மாட்டுங்கள். ஒரு பிரதியை ஊராட்சிக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அய்யா அவதார நாளை ஒட்டி, எடுத்துப் பாருங்கள். புள்ளி வைத்த பெரியவர் போயிருக்கலாம். அவர் காட்டிய இடம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் ஒரு பணிவிடைதான்.

அய்யா துணை.