யார் கையில் திறக்குமோ

கைப்பேசிக்கான இணையச் செயலிகளை உருவாக்கச் சொல்லித்தரும் முதுநிலைப் படிப்புக்கு ஒரு தீராத சங்கடம் உண்டு. பாடத்திட்டம் அச்சேறி வருவதற்குள் அதில் ஒரு பகுதி பழசாகிவிடும். நம் ஊரில் மூன்று ஆண்டுகளாக இருந்த எம்.சி.ஏ. 2020-21 முதல் இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. பிரிட்டனில் எம்.எஸ்சி. பெரும்பாலும் ஒரே ஆண்டு. கல்விக் கடன் வாங்கிக்கொண்டு அதற்காக விமானம் ஏறும் பிள்ளைகள் தமிழ்நாட்டிலிருந்தே நிறைய. கடன் அடைய ஆகும் காலம் பல நேரம் படித்த கருவியின் ஆயுளைவிட நீளமாக இருக்கிறது.

மிகைப்படுத்தவில்லை. இணைய மொழிகளில் எழுதியதையே பொதிந்து ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் செயலியாக ஓடவைத்த போன்கேப் 2009இல் வந்தது. பிறகு அடோபி நிறுவனத்தின் கைக்குப் போய் 2020இல் மூடப்பட்டது. கைப்பேசித் திரைக்கேற்ற பக்கங்களை அமைக்க உதவிய ஜேகுவரி மொபைலின் முதல் முழுப் பதிப்பு 2011இல் வெளியானது. 2021இல் அது கைவிடப்பட்டது. இணையச் செயலிகளை மட்டுமே நம்பி மொசில்லா உருவாக்கிய ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். 2013இல் கடைகளுக்கு வந்தது. கைப்பேசிகளுக்கான அந்த முயற்சி 2016இல் நின்றுபோனது. எதுவும் மோசமான கருவி இல்லை. போன்கேப்பை உருவாக்கியவர்கள், உலாவிகள் வளர்ந்து தங்கள் கருவி தேவையில்லாமல் போவதே தங்கள் குறிக்கோள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அதையே முழு மூச்சாகக் கற்ற மாணவருக்கு, குறிக்கோள் நிறைவேறிய நாளில் கையில் மிஞ்சியது என்ன?

பதில் தேட இணையத்தின் தொடக்கத்துக்கே போக வேண்டியிருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் அமைத்த முதல் இணையதளத்தை, அந்த நிறுவனம் 2013இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய கைப்பேசியில் அதைத் திறந்து பாருங்கள். எழுத்து சற்றுப் பொடியாகத் தெரியலாம். தன் அகலத்தைச் சொல்லாத பக்கத்தைப் பெரிய கணினிக்கானது என்று எண்ணிக்கொள்வது கைப்பேசி உலாவிகளின் வழக்கம். மற்றபடி எல்லாம் படிக்கலாம். தொடுப்பைத் தொட்டால் அடுத்த பக்கம் வரும். தொடுதிரையை மனதில் வைக்காமல் எழுதிய பக்கம் தொடுதிரையில் வேலை செய்கிறது. பத்து ஆண்டுக்கு முன்பு கைப்பேசிக்கென்றே செய்த செயலிகள் பல இன்று நிறுவக்கூட முடியாமல் கிடக்கின்றன.

இதற்குப் பின்னால் ஒரு மாணவியின் உழைப்பு இருக்கிறது. பெர்னர்ஸ்-லீ எழுதிய உலாவி நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டுமே ஓடியது. விலை அதிகமான அந்தக் கணினி மிகச் சிலரிடமே இருந்தது. நிகோலா பெல்லோ, இங்கிலாந்தின் லெஸ்டர் பாலிடெக்னிக்கில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர், 1990இல் பயிற்சிக்காக செர்னுக்கு வந்தார். அவர் எழுதிய உலாவியில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. தொடுப்புகளுக்கு எண் போட்டிருக்கும். எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். பார்க்க அழகில்லை. ஆனால் எந்தச் சாதாரணக் கணினியிலும் ஓடியது. அதன் பிறகுதான் இணையம் நெக்ஸ்ட் வைத்திருந்த சிலரின் மேசையை விட்டு இறங்கி வெளியே நடந்தது. இருப்பவற்றில் வசதி குறைந்த இயந்திரத்தை மனதில் வைத்து எழுதியதால் எல்லா இயந்திரங்களுக்கும் எட்டியது.

அந்தக் குணம் எச்.டி.எம்.எல். மொழியிலேயே ஊறியிருக்கிறது. தனக்குத் தெரியாத குறிச்சொல் வந்தால் உலாவி சண்டை போடாது. குறியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிட்டுப் போகும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. பழைய உலாவிக்குப் புரியாத ஓர் இலக்கணம் ஒரு வரியில் இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது. பக்கத்தையே ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு வரைகிறவர், அது ஓடாத கைப்பேசிக்கு வெறும் வெள்ளைத் திரையைத்தான் அனுப்புகிறார். முதலில் எல்லாருக்கும் எட்டும் அடித்தளம், அதன் மேல் முடிந்தவர்களுக்கு மெருகு என்ற முறையை 2003இல் ஸ்டீவன் சாம்பியன் பெயர் சூட்டி முன்வைத்தார். ஒரே பக்கம் எந்தத் திரைக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் வடிவமைப்பைப் பற்றி 2010இல் ஈத்தன் மார்கோட் எழுதினார். கருவிகள் உதிர்ந்தபின்னும் இந்த இரண்டும் நிற்கின்றன. இரண்டுமே, எதிரில் இருப்பவரைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாதே என்றுதான் சொல்கின்றன.

வகுப்பறையில் இதைச் சொல்லித்தருவது எளிது; உறைக்கவைப்பது கடினம். ஆய்வகத்தில் நல்ல கணினி, வேகமான இணைப்பு, குளிர்சாதனம். உலாவியில் எஃப் 12 விசையைத் தட்டி டிவைஸ் மோடுக்குப் போனால் திரை கைப்பேசி அகலத்துக்குச் சுருங்கும். சுருங்குவது அகலம் மட்டும்தான். பின்னால் ஓடுவது அதே வலுவான கணினி. வைவா அன்று எக்ஸ்டர்னல் தேர்வாளர் முன்னால் ப்ரொஜெக்டரில் செயலி வழுக்கிக்கொண்டு போகும். மதிப்பெண்ணும் விழும்.

அதே செயலியைப் பேருந்து நிலையத்தில் ஒரு தாய் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் கல்லூரி விண்ணப்பம். ஒரு கையில் பை, மறு கையில் நினைவகம் குறைந்த, மூன்று நான்கு வருடப் பழைய போன். வெயிலில் திரையின் சாம்பல் நிற எழுத்து தெரியவில்லை. எப்படியோ இருபது கட்டங்களை நிரப்பிவிட்டார். ஓ.டி.பி. கேட்கிறது. குறுஞ்செய்தியைப் பார்க்க வெளியே போய்த் திரும்பி வருகிறார். அதற்குள் போன் இடம் போதாமல் அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து தூக்கிவிட்டது. பக்கம் மறுபடி புதிதாகத் திறக்கிறது. இருபது கட்டங்களும் காலி. தனக்கு இதெல்லாம் வராது என்று அந்தத் தாய் தன்னையே நொந்துகொள்வார். தவறு அவருடையது அல்ல. தட்டத் தட்ட உலாவியின் சேமிப்பில் எழுதி வைக்கப் பத்து வரி போதும். ஓ.டி.பி. கட்டத்துக்கு உரிய ஒரு பண்பைக் குறித்திருந்தால், அதை ஆதரிக்கும் போன்களில் எண் விசைப்பலகைக்கு மேலேயே வந்து நின்றிருக்கும். இந்த வரிகளை எழுதும் திறமை எந்த மாணவருக்கும் உண்டு. எழுதத் தோன்றாததற்குக் காரணம், அவர் போனில் பக்கம் ஒருபோதும் காணாமல் போனதில்லை.

தமிழர்களுக்கு இது புரியாமல் இருக்க முடியாது. சு. முருகேசன் என்பவர் வெளிநாட்டுப் படிவம் ஒன்றை நிரப்புகிறார். ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்புக் கோடு. தலைப்பெழுத்தைப் போட்டால், இரண்டு எழுத்தாவது வேண்டும் என்கிறது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை எழுதுகிறார். அந்த நாட்டில் போய் இறங்கியதும் எல்லாரும் அவரை ‘மிஸ்டர் சுப்பையா’ என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் படிவத்தை எழுதியவர் கெட்டவர் அல்ல, மட்டமான பொறியாளரும் அல்ல. அவருக்குக் குடும்பப் பெயர் இருந்தது. அவர் தெருவில் எல்லாருக்கும் இருந்தது. அவ்வளவுதான்.

அறியாமை என்றால் ஒன்று தெரியாமல் இருப்பது என்றே நாம் நினைக்கிறோம். அந்த அறியாமையைத் தேடுபொறி தீர்த்துவிடும். தீராத அறியாமை வேறு. தனக்கு இருப்பது எல்லாருக்கும் இருக்கிறது என்று கேட்காமலே நம்பிவிடுவது அது. படிக்கப் படிக்க அது குறையும் என்ற உத்தரவாதமும் இல்லை. சம்பளம் உயர, கணினி புதிதாக, இணைப்பு வேகமாக, அது வளரவும் செய்யும். ஆகவே திறமையானவர்களிடம்தான் இந்த நோய் அதிகம் தங்குகிறது.

வேலைக்கான நேர்காணலில் ரியாக்ட் போன்ற கருவி தெரியுமா என்றுதான் கேட்பார்கள், தெரிந்திருக்கத்தான் வேண்டும். வயிற்றுப்பாட்டை எள்ளி நகையாட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கருவியைக் கற்க ஆறு மாதப் பயிற்சி வகுப்பு போதும், இப்போதெல்லாம் அதுகூட வேண்டாம். முதுநிலை என்ற பட்டத்துக்குத் தகுதியாக இன்னொன்று வேண்டும். கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பவர், யார் வருவார், எந்த ஊர், எவ்வளவு தாகம் என்று அறியமாட்டார். அறியாததை முன்வைத்தே பானையின் உயரத்தையும் குவளையின் அளவையும் முடிவு செய்கிறார். அந்த மனம் பாடத்திட்டத்தின் எந்த அலகிலும் இல்லை. ஆனால் மாணவரின் செயலியைப் பழைய போனில், வெயிலில், பாதியில் டேட்டாவை அணைத்துவிட்டு மதிப்பிடும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அதை ஒரு பருவத்திலேயே வளர்த்துவிட முடியும்.

ஒரு வேலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதைச் செய்தவரின் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைப் பெறுகிறவரிடம் அது என்னென்ன எதிர்பார்க்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. இந்தப் போன் வேண்டும், இந்த வேகம் வேண்டும், இப்படிப் பெயர் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, சேரும் ஆட்களும் குறைவார்கள், வாழும் நாட்களும் குறையும். செர்னின் பக்கம் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் திறக்கிறது. எழுத்துக்கும் ஆட்சிக்கும் உறவுக்கும் கணக்கு இதுதான். பிறரிடம் குறைவாகக் கேட்கக் கற்றுக்கொண்டவரின் வேலைதான், அவர் ஒருநாளும் காணப்போகாத மனிதர்வரை போய்ச் சேருகிறது.