உழாத நிலம் யாருடையது?

தென்னாப்பிரிக்காவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு வட கேப் மாகாணத்தில் அடங்கும். நாட்டின் ஒன்பது மாகாணங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்ததும் இதுவே. மழையின்மைதான் காரணம். மேற்கே போகப்போக மழை குறைந்து, அட்லாண்டிக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 50 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் உண்டாகும் மூடுபனியை நம்பியே பல செடிகள் பிழைக்கின்றன. நிலத்தடியிலோ இரும்பும் செம்பும் துத்தநாகமும் கிடக்கின்றன. உலகின் மாங்கனீசு வளத்தில் பெரும்பகுதி இங்குள்ள கலஹாரிப் படுகையில்தான். உள்நாட்டுப் பாறைகளிலிருந்து அரிபட்ட வைரங்களை ஆரஞ்சு ஆறு கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்துவந்து கடலோரத்தில் கொட்டியிருக்கிறது. யாருடைய உழைப்புமின்றி வந்து சேர்ந்த இந்தச் செல்வம் யாருக்குச் சொந்தம்?

தன் உழைப்பை நிலத்தோடு கலப்பவனுக்கே நிலம் உரியது என்றார் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக். அவர் மனத்தில் இருந்த உழைப்பு பெரும்பாலும் ஏரும் வேலியும்தான். ஏர் பிடிக்க மழை வேண்டும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. மாகாணத்தின் வடமேற்கு மூலையான ரிக்டர்ஸ்வெல்டில் நாமா மக்கள் பருவம் பார்த்து, ஆடுமாடுகளோடு மேய்ச்சல் தேடி இடம்பெயர்ந்தார்கள். வறண்ட நாட்டில் நிலத்தைப் பயன்படுத்தும் முறையே அதுதான். வேலி இல்லாததை உரிமை இல்லாததாகக் கொள்வது, மழை மிகுந்த நாட்டின் அளவுகோலைப் பாலைவனத்தில் வைத்து அளப்பதாகும்.

1847இல் பிரிட்டன் இப்பகுதியைக் கேப் காலனியோடு இணைத்தது. 1920களில் கரையோரத்தில் வைரம் கிடைத்ததும் அரசு நாமாக்களை அங்கிருந்து விலக்கியது. அவர்களின் வழக்கை 2001இல் நிலக் கோரிக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றமோ, அவர்களின் மரபுச் சட்டப்படி நிலமும் அதன் கனிமங்களும் சமூகத்தின் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. இணைப்புக்கு முன்பே செம்பு எடுத்ததும், அயலாருக்குக் கனிமம் தேட அனுமதி கொடுத்ததும் அதற்குச் சான்றுகளாயின.

இதற்கிடையில் 2002ஆம் ஆண்டுச் சட்டம், கனிமங்கள் நாட்டு மக்கள் அனைவரின் பொது உடைமை, அரசு அதன் காப்பாளர் என்று அறிவித்திருந்தது. இனி எடுக்கப்போவதைப் பொறுத்தவரை இது நியாயமான விடைதான். ஏற்கெனவே பறிக்கப்பட்டதற்கு இது விடையாகாது. அங்கே பொது உடைமை என்ற வாதம் பறித்தவருக்கே துணைபோகும். 2007 உடன்படிக்கைப்படி நாமா சமூகம் நிலத்தைத் திரும்பப் பெற்றது. வைரச் சுரங்கக் கூட்டு முயற்சியில் அதற்கு 49 விழுக்காடும் அரசு நிறுவனத்துக்கு 51 விழுக்காடும் பங்கு. எந்த இடப்பெயர்வு உரிமைக்கு எதிரான வாதமாயிற்றோ, அந்த மேய்ச்சல் வாழ்வுக்காகவே அதே ஆண்டில் ரிக்டர்ஸ்வெல்டின் மலைப்பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.