காண்பதும் இம்சையாமோ?

வேட்டையாடுதல் பாவம் என்பதில் சிராவகர்களாகிய நமக்கு ஐயமில்லை. உதகைப் புல்வெளிகளில் ஆங்கிலேயர் நாய்களை ஏவி நரிகளைத் துரத்திய செய்தியைக் கேட்கவே மனம் பதறுகிறது.

ஆனால் முதுமலைக்குக் குடும்பத்துடன் சென்று யானைகளைக் கண்டு மகிழ்வதில் குற்றம் யாது? கையில் துப்பாக்கி இல்லை. புகைப்படக் கருவி மட்டுமே. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை ஊர்தியில் வகுத்த வழியே சென்று திரும்புவதை நாம் குறை கூறோம். மசினகுடிப் பக்கம் இரவில் சட்டத்தை மீறி ஓடும் ஜீப்புகளே உறுத்துகின்றன. குட்டியோடு நிற்கும் பிடியின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சுவதற்குப் பெயர் காட்சியாம்!

சீகூர் யானை வழித்தடத்தை உச்சநீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. 2021 சனவரியில் மசினகுடியில் ஒரு யானை தீக்காயத்தோடு இறந்தது. விடுதியருகே வந்த அதன்மீது தீப்பற்றிய பொருளை எறிந்திருந்தனர். எறிந்த கை நமதன்று. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றாலும் வினை சேரும் என்று கற்றவர்கள் நாம். காட்டோரம் விடுதிகள் முளைப்பது யாருடைய பணத்தால்?

சென்ற கோடையில் நாமும் ஒரு ஜீப்புக்கு விலை பேசினோம். (பேசியதே உடன்பாடுதானே!) பிறகு மறுத்துவிட்டோம். மறுநாள் பேருந்தில் வருகையில் சாலையோரம் புள்ளிமான்கள் மேய்ந்தன. யானையைக் காணாத குறையைப் பிள்ளைகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.