அணைநீரும் மீன்களும்: ஓர் அறவினா

நீரை வடிகட்டிப் பருகுவது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கம். துணியில் தங்கிய சிற்றுயிர்களைக் கண்ட இடத்தில் உதறிவிடலாகாது. எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே சேர்த்தல் வேண்டும் என்று பெரியோர் விதித்தனர். ஒரு நீரில் பிறந்த உயிர் வேறொரு நீரில் பிழைப்பது அரிது என்பதே காரணம். ஒரு குடம் நீருக்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனில், ஓர் ஆற்றையே அடைத்தும் திறந்தும் ஆளும் கைக்கு எத்துணைக் கவனம் வேண்டும்? அமெரிக்க நாட்டின் கொலராடோ ஆற்றில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

அரிசோனா மாநிலத்தில் கிளென் கேன்யன் அணை 1963-ஆம் ஆண்டு முதல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்குக் கீழே, கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கில், ஹம்ப்பேக் சப் எனப்படும் கூன்முதுகு மீன் வாழ்கிறது. கொலராடோ ஆற்றுத் தொகுதியன்றி உலகில் வேறெங்கும் இல்லாத இம்மீன், முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. கோடையில் வெதுவெதுப்பாகக் கலங்கி ஓடிய ஆறு, அணைக்குப் பின், தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் தெளிந்த குளிர்நீராயிற்று. பல்லாண்டுகள் அதன் வெப்பம் எப்பருவத்தும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நின்றது. இம்மீன் இனம்பெருக்க 16 டிகிரியேனும் வேண்டும். எனவே, லிட்டில் கொலராடோ என்னும் வெப்பமான கிளையாறே அதற்குப் புகலிடமாயிற்று. 1967-இல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

குளிர்ச்சி ஒன்றே தீங்கன்று. மின்தேவைக்கேற்ப, பகலில் மிகுத்தும் இரவில் குறைத்தும் நீர் விடப்பட்டது. ஆற்றுப் பூச்சிகள் பல நீர்விளிம்பில் முட்டையிடுவன. சில மணி நேரத்தில் நீர் இறங்கினால் முட்டைகள் காய்ந்து மடியும். பூச்சி குறைந்தால் மீனுக்கு இரை ஏது? படகில் செல்வோர் மாலைதோறும் விளக்குப் பொறி வைத்துப் பூச்சிகளைச் சேகரித்து உதவ, அறிஞர்கள் இவ்வுண்மையை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். அப்பொறிகளிலும் பூச்சிகள் மடிந்தன என்பதை நாம் மறைக்கலாகாது. ஆயினும், அவ்வாய்வின் பயனாக 2018 முதல் சில ஆண்டுகள், மே முதல் ஆகஸ்ட் வரை, வார இறுதி நாள்களில் நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் காக்கப்பட்டது. தீங்கு எவ்வாறு நிகழ்கிறது என்று அறிந்தவரே அதைக் குறைக்க முடிந்தது.

இனி, நம் உள்ளத்தை உறுத்தும் பகுதிக்கு வருவோம். தூண்டிலிடுவோர் மகிழ்வுக்காக மனிதர் கொணர்ந்து விட்ட டிரவுட் மீன்கள் குளிர்நீரில் செழித்தன. சப் குஞ்சுகளையும் உண்டன. 2003 முதல் 2006 வரை, கிளையாறு கூடுமிடத்தருகே ஏறக்குறைய 19,000 டிரவுட் மீன்கள் பிடித்து அகற்றப்பட்டு மடிந்தன. ஜூனி பழங்குடியினர் இதனை எதிர்த்தனர். அவ்விடம் அவர்களுக்குப் புனிதமானது. நீர்வாழ் உயிர்கள் அவர்களுக்கு உறவுகள். பின்னர், மீன்களை உயிருடன் அகற்றும் வழியை அதிகாரிகள் வகுத்தனர்.

"அரிய இனம் ஒன்றைக் காக்கப் பெருகியதைக் கொல்வதில் தவறென்ன?" என்பார் உளர். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அழிந்த இனம் மீளாது. ஆயினும், அக்கொலையின் பயன் என்ன? சப் மீன்கள் பெருகியது உண்மையே. ஆனால், மீன் அகற்றப்படாத பகுதியிலும் டிரவுட் குறைந்தது. வறட்சியால் தேக்கம் தாழ்ந்து ஆற்றுநீரும் வெப்பமடைந்தது. நன்மை விளைந்தது கொலையாலா, வெப்பத்தாலா என்று ஆய்வாளராலேயே பிரித்துரைக்க இயலவில்லை. டிரவுட் தானாக வந்ததன்று. நீரைக் குளிரச் செய்ததும் அதுவன்று. நம் கை செய்த பிழைக்கு வேறோர் உயிரைத் தண்டிக்குமுன், நம் கையைத் திருத்தினோமா என்று கேட்பதே முறையன்றோ?

2021-இல் சப் மீன் அழியும் நிலையினின்று, அச்சுறுத்தலுக்குள்ளான இனம் என்னும் நிலைக்கு உயர்ந்தது. மறுஆண்டே புதிய இடர் தோன்றியது. தேக்கம் மிகத் தாழ்ந்ததால் வெதுவெதுப்பான நீர் வெளிவர, சப் மீனை உண்ணவல்ல பாஸ் மீன்கள் அணைக்குக் கீழே குஞ்சு பொரிக்கத் தொடங்கின. 2024-இல் மின்னாக்கத்தில் ஒரு பகுதியை இழந்தும், ஆழத்துக் குளிர்நீரைக் கலந்து விட்டு அப்பெருக்கத்தைத் தடுக்க முற்பட்டனர். முன்பு குளிர்நீரால் வருந்திய மீனுக்கு இப்போது குளிர்நீரே காவலாயிற்று!

ஆகவே, ஒருமுறை வகுத்த விதி என்றும் போதுமானதன்று. நேற்று நன்மை செய்தது இன்று தீங்காகலாம். நாள்தோறும் பார்த்தும் அளந்தும், தேவையாயின் நம் ஊதியத்தைக் குறைத்தும் நடப்பதே கருணை. அறியாமல் செய்தோம் என்னும் சொல் முதல்நாள் பொருந்தலாம். அறிய வழியிருந்தும் அறியாதிருத்தல் பிழையே. நாள்தோறும் துணி கட்டி நீர் வடிக்கும் நம் இல்லத்தார்க்கு இது புதிய பாடமன்று. அதே பாடம் ஓர் ஆற்றின் அளவில்.