கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம்

வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகின்ற நம்மவர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பால்மா, பேரீச்சம்பழம், சொக்லேட், அத்தர் ஆகியவற்றோடு, ஒரு மூலையில் துணிக்குள் சுற்றியபடி நாலைந்து கிரீம் டப்பாக்களும் இருக்கும். தங்கைக்கு, மச்சாளுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று. அவர்கள் பெயர் சொல்லிக் கேட்டிருப்பார்கள். நாமும் கராமாவிலோ தேராவிலோ தேடி வாங்கியிருப்போம். அன்போடு கேட்ட பொருளை அன்போடு கொடுப்பதில் என்ன பிழை இருக்கமுடியும்?

விடை காணுமுன் டப்பாவுக்குள் இருப்பதைப் பார்க்கவேண்டும். எல்லாம் நஞ்சென்று சொல்வது நியாயமாகாது. நியாசினமைட், வைட்டமின் சி போன்றவற்றை அளவோடு பூசினால் பெரிய தீங்கில்லை. பெரிய மாற்றமும் இல்லை. ஹைட்ரோகுயினோனை மங்குக்கு வைத்தியர்கள் சிலகாலம் பூசக் கொடுப்பதுண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கிற் பூசியவர்கள் சிலருக்குத் தோல் வெளுப்பதற்குப் பதிலாக நீலம் கலந்த கருமை படிந்துவிடுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் தோலை வெளுக்கும் அழகுசாதனங்களில் அதனை 2001 இல் தடைசெய்தது. வேறு சிலவற்றில் குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட் மருந்து இருக்கும். சில நாட்களில் முகம் பளிச்சென்று தெரியும். பின்னர் தோல் மெலிந்து, நிறுத்தினால் எரிந்து சிவக்கும்.

மிக மோசமானது பாதரசம். தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாவதற்கு ஒரு நொதியம் தேவை. அது இயங்கச் செம்பு வேண்டும். பாதரசம் அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்து நொதியத்தை முடக்கிவிடுகின்றது. அதனாற்றான் அவ்வளவு விரைவில் வெளுக்கின்றது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். தலையணை உறையிலும் துவாயிலும் ஒட்டி, ஆவியாகி, பூசாத குழந்தையையும் சென்றடையும்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக்கும் வளைகுடாவுக்கும் உள்ள உறவை நாம் அறிவோம். அங்கே கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக வைத்தியர்கள், 2021 யூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரிற் புரதம் கசியும் ஒரு நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்நோயின் அபூர்வமான வகையொன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள்.

நான் கணக்காளன். கையெழுத்தில்லாத வவுச்சரை எங்கள் தொழிலில் எவரும் ஏற்பதில்லை. ஆனால் செய்தவர் முகவரியோ சேர்மானமோ அச்சிடாத டப்பாவை முகத்துக்கு ஏற்றுக்கொள்கிறோம். தங்கம், வெள்ளி நகைகளிற் படாமற் பூசும்படி சில டப்பாக்களில் எழுதியிருக்கும். பாதரசம் பொன்னோடு ஒட்டி அதனை வெளுக்கச் செய்யும் என்பதே காரணம். தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுத்திற் பூசுகிறார்கள்!

சட்டம் இல்லாமலில்லை. மினமாட்டா உடன்படிக்கையை அமீரகம் 2015 இலும், இலங்கை 2017 இலும், இந்தியா 2018 இலும் உறுதிசெய்தன. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள அழகுசாதனங்கள் 2020 உடன் நிற்கவேண்டும் என்று அது விதித்தது. பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025 இன் பின் கூடாது என்று 2023 இல் ஜெனீவாவில் முடிவாயிற்று. பெட்டி புறப்படும் நாடும் இறங்கும் நாடும் கையொப்பமிட்டவைதான். ஆயினும் சேலைக்குள் சுற்றிய நாலு டப்பாவை எந்தச் சுங்க அதிகாரி தேடப்போகிறார்? அந்த இடத்திற் சட்டம் நின்றுவிடுகின்றது. மிஞ்சுவது கொண்டுபோகிறவருடைய மனச்சாட்சி ஒன்றுதான்.

“அவள் முகம், அவள் விருப்பம்” என்பார்கள். நான் இதனை இலேசாகத் தள்ளமாட்டேன். நிறத்தின் பேரால் இரண்டு மூன்று சம்பந்தம் முறிந்துபோன பிள்ளைக்குக் கறுப்பின் அழகைப்பற்றி உபதேசிப்பது சுலபம். அந்தப் பிள்ளையின் இடத்தில் இருப்பது சுலபமல்ல. ஆனால் அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளைக்கு என்று தரகரிடம் கொடுக்கும் குறிப்பில் “பொம்பிளை சிவலையாக இருக்கவேண்டும்” என்று எழுதுவது யார்? நாங்கள். எங்கள் தமையன்மார். “பொதுநிறம்” என்று பெண்வீட்டார் எழுதினால் அதனைக் கறுப்பு என்று வாசித்துக்கொள்பவர்களும் நாங்களே. ஒரு கையால் அந்தக் குறிப்பை எழுதிவிட்டு மறுகையால் கிரீம் வாங்கிக் கொடுப்பவர், அவள்தானே கேட்டாள் என்று சொல்லித் தப்பமுடியாது. (கருங்கல் விக்கிரகத்துக்கு எண்ணெய்க்காப்பிட்டுக் கறுப்பை மினுங்கச் செய்து கும்பிடுகிறவர்களும் நாமே.) 1975 இல் இந்தியாவில் வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ 2020 இல் ‘குளோ அன்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. தரகரின் குறிப்பு மாறக் காணோம்.

நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கள்ளக் கணக்கெழுதுகிறவனும் அதையே சொல்கிறான்.

ஏற்கெனவே அனுப்பியவர்கள் இன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுங்கள். பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், வைத்தியரிடம் டப்பாவையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். கிரீம் பூசியதை வெட்கத்தில் மறைத்தால் வைத்தியர் வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார். மலப்புறத்தில் பெரும்பாலானோர் பூச்சை நிறுத்தியபின் தேறியிருக்கிறார்கள்.