உரிமமும் தகுதியும்

உரிமம் பெற்ற ஒருவர் தம் பழக்கத்தை விஞ்சிய வேக விமானத்தைச் செலுத்தலாமா? சட்டம் இசைந்தாலும் அறம் மற்றொரு வினாவை எழுப்புகிறது.

1980 ஜூன் 23இல் சஞ்சய் காந்தி புதுடில்லியில் பிட்ஸ் எஸ்-2ஏ என்னும் சாகச விமானத்தைச் செலுத்துகையில் வீழ்ந்து மாண்டார். உடனிருந்த பயிற்றுநரும் மாண்டார். தாழப் பறக்கையில் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்த ஆசிரியருக்கும் அவகாசம் கிட்டாது.

1999 ஜூலை 16 இரவு, ஏறத்தாழ 310 மணி நேரமே பறந்திருந்த இளைய ஜான் கென்னடி, உடன்வர முன்வந்த பயிற்றுநரிடம் தாம் தனியே செல்ல விரும்புவதாகக் கூறினார். ஆனால் மனைவியும் மனைவியின் தமக்கையும் விமானத்தில் இருந்தனர். இருண்ட கடல்மீது நிலை மயங்கி விமானம் வீழ, மூவரும் மாண்டனர்.

பறந்தே பறக்கப் பழக வேண்டும்; ஆதலின் புதியவரை முற்றிலும் தடுத்தல் முறையன்று. மார்சிலிங்கிற்குத் தொலைவில்லாத சிலேத்தாரில் பயிலும் இளையரும் பயிற்றுநர் அருகிருக்கப் பறந்த பின்னரே தனியே பறக்கின்றனர். ஆனால், பயணியாக அமர்பவர் விமானியின் பழக்கத்தை அளந்தறிய இயலாது. அளக்கும் கடமை விமானிக்கே உரியது. அரசர்க்கு வள்ளுவர் வகுத்த 'வலியறிதல்' அவருக்கும் பொருந்தும்.

மாணவர்களே, புதிய வேகம் கைவரும்வரை அருகில் ஆசிரியர் இருக்கட்டும். பின்னிருக்கை வெறுமையாகவே இருக்கட்டும்.